சின்னக் கடைக்கு எந்தக் கணக்குப்பிள்ளை?

போன வாரம் காங்கேயத்திலிருந்து ஒரு போன். மரச்செக்கில் எண்ணெய் ஆட்டி விற்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கை ஒருத்தி. கடைக்கென்று ஒரு தளம் வைத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. படம் எடுப்பது, எழுதுவது, ஆர்டர் பார்ப்பது எல்லாம் அவள்தான்.

"அக்கா, ஹோஸ்டிங் பேனல்ல பார்த்தா இந்த மாசம் ஆயிரத்துச் சொச்சம் பேரு வந்திருக்காங்கன்னு இருக்குதுங்க. கொழுந்தன் போட்டுக் குடுத்த இன்னொண்ணுல நானூறுன்னு காட்டுது. எதுங்கக்கா நெசம்?"

"ரெண்டும் நெசந்தான் கண்ணு. ரெண்டும் வேற வேற ஆளுங்களை எண்ணுது."

அதற்குள் அவளைச் செக்கடியிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். பாதியில் நின்ற பேச்சை இங்கே எழுதி முடிக்கிறேன். மாடித்தோட்டக் குறிப்புகளுக்காக நான் வைத்திருக்கும் இந்தத் தளத்துக்கு அனலிடிக்ஸ் எதைப் போடுவது என்று நானும் நிறைய அலைந்திருக்கிறேன். அவளைப் போலக் கேட்டவர்கள் வேறு சிலரும் உண்டு.

முதலில் அந்த ஆயிரமும் நானூறும். ஹோஸ்டிங் பேனலில் வருவது பெரும்பாலும் ஏடபிள்யூஸ்டாட்ஸ் மாதிரி ஒரு நிரல். அது சர்வரின் லாக் கோப்பைப் படித்துக் கணக்குச் சொல்கிறது. யார் கதவைத் தட்டினாலும் சர்வர் ஒரு வரி எழுதி வைக்கும்: ஐபி முகவரி, நேரம், எந்தப் பக்கம், கிடைத்ததா இல்லையா, எங்கிருந்து வந்தார், எந்த பிரவுசர். தட்டியது மனுஷனா எந்திரமா என்று சர்வருக்குக் கவலை இல்லை. கூகுளின் பாட், பிங்கின் பாட், எஸ்இஓ நிறுவனங்களின் பாட்கள், இப்போது ஏஐ நிறுவனங்களுக்குப் பக்கம் அள்ளும் பாட்கள், வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தைத் திறக்க முடியுமா என்று ராத்திரி முழுக்கத் தட்டிப் பார்க்கிற நிரல்கள் என்று எல்லாமே வரியாக விழும். தெரிந்த பாட்களை ஏடபிள்யூஸ்டாட்ஸ் தனியே ஒதுக்கப் பார்க்கும். பிரவுசர் வேஷம் போட்டு வருவதை அதனால் பிடிக்க முடியாது. ஆகவே அந்த எண் எப்போதும் உப்பியே இருக்கும்.

கொழுந்தன் போட்டது வேறு வகை. பக்கத்தின் உள்ளே ஒரு சின்ன ஸ்கிரிப்ட். பக்கம் திறந்ததும் அது ஓடி "ஒருவர் வந்தார்" என்று வேறொரு இடத்துக்குச் சேதி அனுப்பும். ஸ்கிரிப்டை ஓட்டாத பாட்கள் இதில் விழாது. யூபிளாக் ஆரிஜின் போட்டவர்கள், பிரேவ் பிரவுசர்காரர்கள் பலரும் விழமாட்டார்கள். சிக்னல் மோசமான இடத்தில் பக்கம் பாதி வந்து, ஸ்கிரிப்ட் வருவதற்குள் மூடிவிட்டுப் போனவரும் விழமாட்டார். இந்த எண் எப்போதும் மெலிந்தே இருக்கும்.

மெலிந்த எண்ணுக்குள்ளும் இன்னொரு குழப்பம் உண்டு. குக்கி வைக்காத கருவிகள் ஒரு ஆளை எப்படி அடையாளம் காண்கின்றன? பிளாசிபிள் செய்வதைச் சொல்கிறேன். தளத்தின் பெயர், ஐபி முகவரி, பிரவுசர் விவரம், அன்றைக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒரு ரகசிய எண், இந்த நான்கையும் சேர்த்து அரைத்து ஒரு குறியீடு உண்டாக்குகிறது. மறுநாள் அந்த ரகசிய எண் மாறிவிடும், பழையது அழிந்துவிடும். அதனால் திங்கள் வந்தவர் செவ்வாயும் வந்தால் இரண்டு பேர். இதற்கு நேர்மாறும் நடக்கும். ஆண்ட்ராய்டு குரோம் 2023 முதல் எந்த போனாக இருந்தாலும் தன்னை "ஆண்ட்ராய்டு 10, கே" என்றே சொல்லிக்கொள்கிறது. மாடல் பெயரைச் சொல்வதில்லை. ஒரே வைஃபையில் மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு போனில் என் கீரை பதிவைப் படித்தால், ஐபி ஒன்று, பிரவுசர் விவரமும் ஒன்று. கணக்கில் ஒரே ஆள். ஆயிரக்கணக்கில் ஒரே ஐபி முகவரியைப் பகிர்ந்து கொடுக்கும் மொபைல் நெட்வொர்க்குகளிலும் இந்தக் கதைதான்.

இதையெல்லாம் சொல்வது எண்ணையே நம்பாதே என்பதற்காக அல்ல. ஒரே தராசில் ஒரு வருஷம் தொடர்ந்து நிறுத்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது சரியாகத் தெரியும். இரண்டு தராசை அருகருகே வைத்து ஒப்பிட்டால்தான் தலைவலி. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பதற்கு முன்னால் ஒரு காகிதம் எடுத்து, இந்த எண்களைப் பார்த்து நான் எதை மாற்றப் போகிறேன் என்று எழுதிப் பாருங்கள். நான் எழுதியபோது மூன்றுதான் தேறியது. எந்தப் பட்டத்துக்கு முன்னால் எந்தப் பழைய பதிவைத் தூசி தட்ட வேண்டும். எந்த ஊர், எந்த நாட்டு வாசகர்களை மனதில் வைத்து எழுத வேண்டும். எந்த லிங்க் உடைந்து கிடக்கிறது. வயசு, ஆண் பெண் விகிதம், ஒருவர் எங்கே விரலால் தேய்த்தார் என்பதெல்லாம் என் காகிதத்தில் வரவே இல்லை. அப்படியென்றால் அதையெல்லாம் சேகரிக்கிற கருவி எனக்கு எதற்கு?

முதல் கேள்வியே எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. தோட்டத் தளத்தில் போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடுவதில் பிரயோஜனமே கிடையாது. ஆனி கடைசியில் ஆட்கள் வரத் தொடங்கி ஆடியில் குவிவார்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்று பழமொழியே இருக்கிறதே. ஐப்பசி மழையில் மாடி பக்கம் யாரும் போவதில்லை, தளத்துக்கும் வருவதில்லை. தைப்பட்டத்துக்கு மறுபடி ஒரு ஏற்றம். இந்த ஆடியைப் போன ஆடியோடுதான் பார்க்க வேண்டும், முடிந்தால் அதற்கும் முந்தைய ஆடியோடு. அதற்குப் பழைய கணக்கு கையில் இருக்க வேண்டும்.

இங்கேதான் கூகுள் அனலிடிக்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2005-ல் அர்ச்சின் என்ற நிறுவனத்தை வாங்கி, அதே வருஷம் நவம்பரில் கூகுள் அதை இலவசமாகத் திறந்துவிட்டது. யூடிஎம் என்று லிங்க் வாலில் ஒட்டுகிறோமே, அதில் உள்ள யூ அந்த அர்ச்சின்தான். வலைப்பதிவின் ஓரத்தில் ஸ்டாட்கவுன்டர் எண்ணை ஒட்டிவைத்திருந்த நம் தமிழ்மணத் திரட்டிக் காலத்து ஆட்கள் நிறையப் பேர் பிறகு அங்கே போனோம். யுனிவர்சல் அனலிடிக்ஸ் என்ற பழைய வடிவம் 2023 ஜூலை 1 அன்று புதுக் கணக்கு எழுதுவதை நிறுத்தியது. 2024 ஜூலையில் பழைய அறிக்கைகளைப் பார்க்கும் வழியும் மூடப்பட்டது. அவகாசம் கொடுத்துத்தான் செய்தார்கள். மாதவாரியாகப் பக்கப் பட்டியலை இறக்கி ஒரு எக்செல் கோப்பில் வைத்துக்கொண்டதால் என்னுடைய பழைய ஆடிகள் பிழைத்தன. இப்போதுள்ள ஜிஏ4-ல், விரிவாக அலசிப் பார்க்கும் பகுதிக்கான விவரங்கள் நாமாக மாற்றாவிட்டால் 2 மாதம்தான் நிற்கும். அமைப்பில் போய் மாற்றினால் 14 மாதம். அதைப் போட்டிருப்பவர்கள் இன்றைக்கே போய் அந்த ஒன்றை மாற்றிவிடுங்கள். அன்றாட அறிக்கைகளுக்கு இந்தக் கெடு இல்லை என்பது ஆறுதல்.

ஜிஏ4 யாருக்கு? கூகுளில் விளம்பரம் கொடுப்பவர்களுக்கு. போட்ட காசுக்கு எந்த விளம்பரத்திலிருந்து ஆர்டர் வந்தது என்று இரண்டையும் கோத்துக் காட்டுவதில் அதற்கு ஈடு சிறிய கருவிகளில் இல்லை. காங்கேயத்துத் தங்கை நாளைக்கு மாதம் ஐயாயிரம் ரூபாய் விளம்பரத்துக்குப் போட்டால் நானே அவளுக்கு அதைத்தான் சொல்வேன். இன்றைக்கு அவள் விளம்பரம் கொடுக்கவில்லை. விளம்பரம் கொடுக்காத கடைக்கு அந்த டாஷ்போர்டு நாற்பது அறை உள்ள பங்களா. அவளுக்கு வேண்டியது ஒரு கூடமும் அடுக்களையும்.

விளம்பரம் இல்லாதவர்களுக்கு என் கை நீளுவது சின்னக் கருவிகள் பக்கம். எஸ்தோனியாவிலிருந்து வரும் பிளாசிபிள், கனடாவின் ஃபாதம், நெதர்லாந்தின் சிம்பிள் அனலிடிக்ஸ், மார்ட்டின் டோர்னாய் எழுதிய கோட்கவுன்டர், நாமே சர்வரில் ஏற்றிக்கொள்ளும் உமாமி. எல்லாம் 2018-க்கும் 2020-க்கும் இடையில் முளைத்தவை. அது தற்செயல் இல்லை. ஐரோப்பாவின் ஜிடிபிஆர் சட்டம் 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்தது. குக்கி இல்லாமல், ஆளைத் துரத்தாமல் எண்ண முடியுமா என்று அப்போதுதான் பலர் தீவிரமாக யோசிக்க ஆரம்பித்தார்கள். பிளாசிபிளின் ஸ்கிரிப்ட் ஒரு கேபி அளவு, கோட்கவுன்டருடையது மூன்றரை கேபி பக்கம். கூகுளுடையது இவற்றைப் போலப் பல மடங்கு. சத்தியமங்கலம் மலைப்பக்கம் ஒற்றைக் கோடு சிக்னலில் ஒருவர் கத்தரிக்காய்ப் புழுவுக்கு மருந்து தேடும்போது, என் கணக்குக்காக அவருடைய டேட்டாவையும் நேரத்தையும் நான் தின்னக் கூடாது. இதில் எனக்குப் பிடிவாதமே உண்டு.

காசு விஷயம்: பிளாசிபிள் மாதம் 9 டாலரில் தொடங்குகிறது, எண்ணூறு ரூபாய் பக்கம். வருமானம் இல்லாத தளத்துக்கு அது அதிகம். கோட்கவுன்டர் சின்னத் தளங்களுக்கு இலவசம். நான் இருப்பது அதில்தான். ஒரே திரை. எந்தப் பக்கம், எத்தனை பேர், எங்கிருந்து, எந்த நாடு. வேண்டும்போது எல்லாவற்றையும் சிஎஸ்வி கோப்பாக இறக்கலாம். கருவி தேடும்போது நான் முதலில் பார்ப்பது இந்த இறக்குகிற வழியைத்தான். அது இல்லாத இடத்தில் எவ்வளவு அழகான வரைபடம் காட்டினாலும் நான் குடியேற மாட்டேன்.

மட்டோமோவைப் பற்றிக் கேட்பார்கள். 2007-ல் பிவிக் என்ற பெயரில் தொடங்கி 2018-ல் பெயர் மாறியது. பிஎச்பியும் மைசீக்வலும் இருந்தால் நம் ஹோஸ்டிங்கிலேயே ஏற்றலாம், கணக்கு முழுக்க நம் வீட்டிலேயே இருக்கும், பழைய லாக் கோப்புகளையும் ஊட்டலாம். நல்ல கருவி. ஆனால் அதை வளர்க்க வேண்டும்: புதுப் பதிப்பு வந்தால் ஏற்றணும், டேட்டாபேஸ் வீங்காமல் பார்க்கணும், அறிக்கை தயாரிக்க கிரான் வேலை போட்டு வைக்கணும். ஒரு கல்லூரி, ஒரு பதிப்பகம், தொழில்நுட்பம் பார்க்க ஆள் உள்ள இடம் என்றால் தாராளமாகப் போடலாம். எண்ணெய் ஆட்டிக்கொண்டே தளம் பார்க்கிறவளுக்கு இன்னொரு பசு மாடு வேண்டாம்.

இரண்டாவது கேள்வி, எந்த ஊர் வாசகர். ஊர் பெயரை நம்பாதீர்கள், நாட்டை ஓரளவு நம்பலாம். ஐபி முகவரியை வைத்து ஊரைச் சொல்லும்போது மொபைல் நெட் எங்கே வெளியே வருகிறதோ அந்த ஊர்தான் பலசமயம் தெரியும். தேனிக்காரரும் சென்னை என்றே விழுவார். நாட்டுக் கணக்கு எனக்கு உண்மையிலேயே உதவியது. இலங்கை வாசகர்கள் நான் நினைத்ததைவிட அதிகம் இருந்தார்கள். ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்று நான் எழுதிக்கொண்டிருந்தது யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் அப்படியே பொருந்தாது. அங்கே வடகிழக்கு மழையை ஒட்டிய காலபோகம், பிறகு சிறுபோகம் என்று கணக்கு வேறு. இப்போது விதைப்புப் பதிவுகளில் அவர்களுக்கென்று ஒரு பத்தி சேர்க்கிறேன். ஒரு எண் என் எழுத்தை மாற்றியது என்றால் அது இதுதான்.

பிரான்ஸ், ஜெர்மனி, நார்வே என்று அடுத்த வரிசை. அங்கிருந்து படிக்கும் நம் ஆட்களுக்காகவும் குக்கி இல்லாத கருவி நல்லது. 2022 ஜனவரியில் ஆஸ்திரியாவின் தரவுப் பாதுகாப்பு ஆணையமும் பிப்ரவரியில் பிரான்சின் ஆணையமும், கூகுள் அனலிடிக்ஸ் வழியே ஐரோப்பியர்களின் விவரம் அமெரிக்கா போவது சட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று முடிவு சொன்னார்கள். 2023 ஜூலையில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் புது ஏற்பாட்டுக்கு வந்தபின் நிலைமை மாறியது. சட்டம் மாறிக்கொண்டே இருக்கும். பெயரும் முகமும் தெரியாத ஒருத்தி பாரிஸில் பால்கனித் தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்க வழி தேடி என் வீட்டுக்கு வருகிறாள். வாசலிலேயே ஒரு பெட்டியை நீட்டி "சம்மதமா" என்று கையெழுத்துக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது, உடைந்த லிங்க். இது தமிழில் எழுதுபவர்களுக்கென்றே உள்ள தொல்லை, அனலிடிக்ஸ் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில் தேடினால் கிடைக்காது. தமிழ் முகவரியை லாக்கில் பார்த்தால் சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக நீண்டு கிடக்கும். யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று எழுத்தாக மாறும். "தமிழ்" என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறி. முகவரியில் 45 எழுத்து. வேர்ட்பிரஸ் முகவரிக்கு 200 எழுத்துக்கு மேல் இடம் தராது. ஆகவே 22 குறிக்கு மேல் தமிழ்த் தலைப்பு நிற்காது. "ஆடிப்பட்டத்தில் என்னென்ன விதைக்கலாம்" என்று தலைப்பு வைத்தால் முகவரி "ஆடிப்பட்டத்தில் என்னென்" என்பதோடு அறுந்துவிடும். அடுத்து "ஆடிப்பட்டத்தில் என்னென்ன உரம்" என்று எழுதினால் ஏறக்குறைய அதே முகவரி, கடைசியில் 2 என்ற எண்ணோடு. அறிக்கையில் எது விதை, எது உரம் என்று புரியாது. அத்தோடு இந்த நீள லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வாலை விட்டுவிட்டு நகலெடுப்பவர்கள் உண்டு. வந்தவருக்குப் பக்கம் இல்லை என்ற 404-தான் தெரியும்.

இதை எந்த அனலிடிக்ஸ் திரையும் எனக்குச் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை லாக் கோப்பை இறக்கி கோஆக்சஸ் என்ற நிரலில் ஓட்டிப் பார்ப்பேன். அதில் 404 பட்டியலைத் திறந்தபோதுதான் அறுந்த தமிழ் முகவரிகள் வரிசையாகக் கிடந்தன. முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக மாற்றி, பழைய முகவரிகளுக்கெல்லாம் புது இடத்தைக் காட்டும் 301 வழிமாற்றும் போட்டேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. தலைப்பு தமிழிலேயே இருக்கிறது. முகவரியில் தமிழை இழந்ததில் எனக்கு வருத்தம் இன்னும் உண்டு.

அதே லாக்கில் இன்னொன்றும் கிடைக்கும். ஒருவர் என் லிங்கை வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது முன்னோட்டப் படத்துக்காக அவருடைய போனே வந்து பக்கத்தைத் தொடும். பிரவுசர் பெயர் இருக்கும் இடத்தில் வாட்ஸ்அப் என்று எழுதியிருக்கும். அந்த வரிகளை எண்ணினால் எந்தப் பதிவு அதிகம் பகிரப்படுகிறது என்று தோராயமாகத் தெரியும். படித்தவர் எண்ணிக்கை பிடிபடாது. ஒரு தோட்டக் குழுவில் போட்டதைப் பார்த்து வரும் இருநூறு பேரும் அறிக்கையில் "டைரக்ட்" என்றுதான் விழுவார்கள், ஏனென்றால் வாட்ஸ்அப்பிலிருந்து வரும்போது எங்கிருந்து வந்தோம் என்ற குறிப்பு கூடவே வருவதில்லை. நம் ஆட்கள் லிங்க் பகிர்வதே பெரும்பாலும் வாட்ஸ்அப்பில். ஆகவே தமிழ்த் தளத்தில் டைரக்ட் என்பதை முகவரியைத் தட்டி வந்த கூட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. நாமே பகிரும் லிங்கின் வாலிலாவது யூடிஎம் குறியை ஒட்டி அனுப்பினால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும்.

எந்தக் கருவி போட்டாலும் கூட ஒன்றைப் போடுங்கள்: கூகுளின் சர்ச் கன்சோல். இலவசம், பக்கத்தில் ஸ்கிரிப்ட் எதுவும் தேவையில்லை. மக்கள் கூகுளில் என்ன தட்டி நம்மிடம் வந்தார்கள் என்பதை அது மட்டுமே சொல்லும். 16 மாதக் கணக்கு வைத்திருக்கும், அதாவது போன ஆடியும் இந்த ஆடியும் ஒரே திரையில் கிடைக்கும். நான் "மாவுப்பூச்சி மேலாண்மை" என்று தலைப்பு வைத்திருந்தேன். தேடியவர்கள் "செம்பருத்தி செடியில் வெள்ளை பூச்சி" என்று தட்டியிருந்தார்கள். பூச்சியின் பெயர் தெரிந்தவர் எதற்குத் தேடப் போகிறார்? பதிவின் முதல் வரியை அவர்கள் சொல்லாலேயே மாற்றி எழுதினேன். எல்லா அறிக்கைகளையும் எடுத்துவிட்டு ஒன்றே ஒன்றை வைத்துக்கொள் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தங்கை மறுபடி கூப்பிட்டாள். இடையில் அவளையும் காகிதத்தில் எழுதச் சொல்லி அனுப்பியிருந்தேன், எழுதி வைத்திருந்தாள். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: ஆர்டர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்து வருகிறதா, டின்னில் உள்ள லேபிளைப் பார்த்து மறுபடி வாங்குகிறார்களா, ஈரோட்டுக் கண்காட்சியில் கொடுத்த நோட்டீசாலா.

"இதுக்கு மூணு லிங்க் போதும்டா. ஸ்டேட்டசுக்கு ஒண்ணு, லேபிளுக்கு ஒண்ணு, நோட்டீசுக்கு ஒண்ணு. மூணுலயும் வால் மட்டும் வேற."

"பேனல்ல இருக்கற ஆயிரத்தை என்னங்க பண்றது?"

"அதை விட்டுரு. 404 மட்டும் மாசத்துக்கு ஒருக்கா பாரு."

அவளுடையது கடை என்பதால் மாதச் சந்தா கட்டும் சின்னக் கருவி ஒன்றை மூன்று மாதம் வைத்துப் பார்ப்பதாக முடிவு. லேபிள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கியூஆர் கட்டத்தில் எண்ணெய்க் கறை பட்டால் போன் படிக்குமா என்று கேட்டிருக்கிறாள். பிழை தாங்கும் அளவை மேலே ஏற்றி வைத்தால் முப்பது சதவீதம் வரை அழிந்தாலும் படிக்க வேண்டும். இரண்டு அளவில் அச்செடுத்து எங்கள் வீட்டு நல்லெண்ணெய் டின்னில் ஒட்டி, மேலே எண்ணெயைத் தடவி அடுப்படியில் வைத்திருக்கிறேன். பெரியது இரண்டு போனிலும் படித்துவிட்டது. சின்னதை அம்மாவின் பழைய போன் இன்னும் படிக்கவில்லை.